பிப்ரவரிதான் சார்

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி லாரிகளுக்கு வைப்பர் மோட்டார் செய்கிறது. அதன் கணக்குப் பிரிவில் எட்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். இப்படியொரு அநியாயத்துக்கு நானே உட்கார்ந்து என்ட்ரி போடுவேன் என்று நினைக்கவில்லை.

புது மோட்டார் ஒன்றை உருவாக்கும்போது, அது தேறுமா தேறாதா என்று தடவிக்கொண்டிருக்கும்வரை ஆவதெல்லாம் செலவு. அந்த வருஷ லாபத்தைத் தின்றுவிடும். தேறிவிட்டது என்று நிரூபித்த நாளிலிருந்து ஆகும் செலவைச் சொத்து என்று எழுதலாம், கையால் தொட முடியாத சொத்து. அந்த நாள் எது என்று லேப் ரிஜிஸ்டர்தான் சொல்லும். அதை எழுதுகிறவள் தங்கமாரி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், இருங்காட்டுக்கோட்டையில் நான்கு பேரோடு ஒரே ரூம். இரண்டு வருஷ டிரெய்னி, மே மாதம் பர்மனென்ட் ஆக வேண்டியவள்.

ஏப்ரலில் ஃபைனான்ஸ் மேனேஜர் சிவசங்கர் அவளை என் மேஜைக்கே வரவழைத்தார்.

"மோட்டார் பாஸ் ஆனது பிப்ரவரின்னு எழுதியிருக்க. போன ஆகஸ்ட்னு மாத்தி ஒரு கையெழுத்து போடும்மா. வெறும் தேதிதானே."

"பிப்ரவரிதான் சார். ஆகஸ்ட்ல பன்னெண்டு மோட்டார்லயும் தண்ணி எறங்கிட்டு. நாந்தான தொறந்து பாத்தேன்."

"உன் பர்மனென்ட் லெட்டர் என் டேபிளைத் தாண்டித்தான் போகணும், தெரியும்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு மாதச் செலவைச் சொத்தாக்கினால் லாபம் ஏறும், அவர் போனஸும் ஏறும். அதற்கு ஒரு டிரெய்னி வயிற்றில் அடிப்பதா? ஆனால் எனக்கும் வீட்டு லோன் இருக்கிறது. தங்கமாரி என்னைப் பார்த்தாள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

ஆடிட்டர் கேட்டபோதும் பிப்ரவரி என்றே சொன்னாள். அதற்கு முந்தைய செலவெல்லாம் லாபத்தில் கழிந்தது. பிந்தையது, அவள் சம்பளமும் சேர்த்து, நான் போட்ட என்ட்ரியில் சொத்தானது. மே கடைசியில் "வேகன்சி இல்லை" என்று அவள் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். கம்பெனி பஸ்ஸில் ஏறக்கூட விடவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லாக்கா," என்றாள், கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டு. செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

ஜூனில் லைனில் வந்த புது மோட்டார்களில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. டிராயிங் சரி, தண்ணீரைத் தடுக்கும் ரப்பரும் சரி. ரப்பரை மாட்டுவதற்கு முன் தங்கமாரி ஏதோ ஒன்று செய்வாளாம். என்ன என்று அவளிடம் யாரும் கேட்டு வைக்கவில்லை, அவளை வெளியே அனுப்புவதில்தான் குறியாக இருந்தார்கள். கஸ்டமர் ஒரு லோடையே திருப்பி அனுப்பியதும் சிவசங்கர் என்னிடம் வந்தார்.

"அந்தப் பொண்ணு நம்பர் இருக்கா சசிகலா? ஹெச்.ஆர். போன் பண்ணா எடுக்க மாட்டேங்குது."

நம்பர் என் போனிலேயே இருந்தது. லோனும் அப்படியேதான் இருந்தது.

"அவ எதுக்கு சார்? அவ செஞ்ச வேலையத்தான் நம்ம புக்குல சொத்துன்னு எழுதி வச்சிக்கினு இருக்கோமே. அந்தச் சொத்தையே கேட்டுக்குங்க."