ஒத்தாவியா ஏன் அசையவில்லை

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து பிறந்தது. போன அக்டோபரில், ஃபெர்ராராவில் எங்கள் தெருக்கோடித் தேவாலயத்தில் ஒரு கச்சேரி. நானூறு வருடத்துக்கு முந்தைய பாட்டுகளை மூன்று பேர் பாடினார்கள். நடுவே ஓரிடத்தில் குரல்கள் உரசிக்கொண்டு பல் கூசியது. அந்தக் காலத்துக்காரர்களுக்கு என்ன துணிச்சல் என்று டைரியில் எழுதிவைத்தேன். பிறகு சந்தையில், பாடியவர்களில் ஒருவரான தார்சீசியோவைப் பார்த்தேன். பூசணிக்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"துணிச்சலாவது மண்ணாவது! எங்க மேஸ்ட்ரோ வழி தவறிட்டாருங்க. கூடப் பாடின ஒத்தாவியா மட்டும் அசையல. ஏன்னு என்னைக் கேக்காதீங்க."

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியைக் கண்டுபிடித்து எழுதுகிறேன். (கண்டுபிடித்து என்றால், இட்டுக்கட்டி.)

2

"மழை பெய்துகொண்டிருந்தது. ஒத்தாவியா ஜன்னலருகே நின்று—"

வேண்டாம். நான் கதை எழுதக் கற்கும் மாலை வகுப்பில் எல்லார் கதையிலும் மழை பெய்கிறது.

ஒத்தாவியா மருந்துக்கடைக்காரி. கடையில் எல்லாரும் அவளை 'டாக்டர்' என்பார்கள். தங்கள் மூலநோயைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். ஒத்திகையில்தான் அவளுக்குப் பெயர் உண்டு. குழுவை நடத்தி, கீழ்க்குரலும் பாடும் லோரிஸ் அங்கே ஒரு சட்டம் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் எப்படிப் பாடினார்களோ அப்படியே பாட வேண்டும். பழைய அச்சுப் புத்தகத்தின் நகல், ஆளுக்கு ஒன்று. அதில் அவரவர் குரல் மட்டும். அடுத்தவர் என்ன பாடுகிறார் என்பது தாளில் இராது. தாளத்தை வெட்டிக் காட்டும் கோடுகளும் இரா. காதுதான் கதி.

"கோட்டைப் பாத்துப் பாடுறது சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு டான்ஸ் ஆடுற மாதிரி," என்பார் லோரிஸ். "எவர் கையிலயாவது பென்சிலைப் பாத்தேன்..."

"தூக்குல போட்டுருவீங்களா, மேஸ்ட்ரோ?" என்றார் தார்சீசியோ.

"ஜினெவ்ராவைக் கூப்பிட்டுருவேன்."

தார்சீசியோ சிரித்தார். ஒத்தாவியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜினெவ்ரா இசைக்கல்லூரி முடித்த பெண். பாடுவது மேல்குரல், அதாவது ஒத்தாவியாவின் இடம். கடைசிப் பாட்டில் ஒரு நீண்ட மௌனத்துக்குப் பிறகு ஒத்தாவியா நுழைய வேண்டும். ஒத்திகைக்கு ஒத்திகை அங்கே அவள் முந்திக்கொண்டு நுழைந்தாள்.

3

ஆகவே அவள் வீட்டில் பென்சிலை எடுத்தாள்.

(இதை எழுதியதும் எனக்கே சந்தேகம் வந்தது. இவ்வளவு நேர்மையான பெண் இப்படிச் செய்வாளா? செய்வாள். மருந்துச் சீட்டில் டாக்டர்களின் கிறுக்கலைப் பார்த்து, ஓரத்தில் தெளிவாக எழுதிவைப்பது அவள் தினசரி வேலை.)

அந்த மௌனத்தைக் கோடு போட்டுப் பிரித்தாள். அதன்கீழ், அப்போது தார்சீசியோ பாடும் சொற்களை எறும்பு எழுத்தில் எழுதினாள். 'நிலா' என்று அவர் முடிக்கும்போது அவள் நுழைய வேண்டும்.

4

கச்சேரியில் அந்த இடம் வந்தது. லோரிஸின் கீழ்க்குரல் இரண்டு தாள அடி முந்திப் பாய்ந்தது. மூவருக்கும் பல் கூசியது. தார்சீசியோ கண்ணை உருட்டினார். அவர் குரல் தள்ளாடியது.

வேறு நாளாக இருந்தால் ஒத்தாவியா, தப்பு தன்னுடையதுதான் என்று நம்பி மேஸ்ட்ரோவின் பின்னால் ஓடியிருப்பாள். இன்று அவள் தாளைப் பார்த்தாள். நிலா இன்னும் வரவில்லை. காத்திருந்தாள். தார்சீசியோ இழுத்து இழுத்து நிலாவை முடித்ததும் மணி அடித்ததுபோல் நுழைந்தாள். தார்சீசியோ அவளைப் பிடித்துக்கொண்டார். லோரிஸ் வாயை மூடி, காதைத் தீட்டி, வந்து சேர்ந்துகொண்டார்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. (நானும்தான்.)

5

இந்த இடத்தில், லோரிஸின் புத்தகத்திலும் பென்சில் கோடுகள் இருப்பதாக ஒரு முடிவு எழுதினேன். வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். அதனாலேயே அடித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்டவர் அல்ல. தான் சொன்னதை நம்பிப் பாடினார், அதனால்தான் தொலைந்தார்.

6

மேடைக்குப் பின்னால் அங்கிகள் தொங்கும் சின்ன அறை. வெளியே இன்னும் கைதட்டல். இன்னொரு பாட்டு வேண்டுமாம்.

"மன்னிச்சுக்கங்க, ரெண்டு பேரும்," என்றார் லோரிஸ். காது மடல்வரை சிவந்திருந்தது. "ஒத்தாவியா, நீ எப்படிம்மா அசையாம நின்ன?"

"அது வந்து..."

"காது! வேறென்ன? இத்தனை மாசமா நான் தொண்டை கிழியச் சொன்னேனே, இப்பப் புரியுதா தார்சீசியோ? ஜினெவ்ராகிட்ட நாளைக்கே சொல்லிர்றேன், எங்களுக்கு ஆள் இருக்குன்னு."

"சொல்லுங்க, சொல்லுங்க," என்றார் தார்சீசியோ. "இப்ப வெளியே போய் என்னத்தைப் பாடறது? அதைச் சொல்லுங்க முதல்ல."

"அதே பாட்டுதான். இந்தத் தடவை ஒழுங்கா." லோரிஸ் கையை நீட்டினார். "உன் புத்தகத்தைக் குடு ஒத்தாவியா. அந்த மௌனம் எவ்வளவு நீளம்னு ஒரு தடவை பாத்துக்கறேன்."

ஒத்தாவியா புத்தகத்தை மார்போடு அணைத்தாள். 'இல்ல மேஸ்ட்ரோ, நானே எண்ணிக் காட்டறேன்' என்று சொன்னால் இடம் நிலைக்கும். இனி ஒவ்வொரு கச்சேரியிலும் அவள் காதைப் பற்றி அவர் பெருமை பேசுவார், அவள் நின்று கேட்க வேண்டும். கொடுத்தால்—

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவள் முகம் எனக்குச் சரியாக வரவில்லை. நீங்கள் முயன்று பாருங்கள். ஆனால் சீக்கிரம், இது ஃபெர்ராரா, சாப்பாட்டு நேரம், கைதட்டல் ஓயத் தொடங்கிவிட்டது.