இரண்டாம் முறை எட்டரை மணி

1944 மார்ச்சில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் ஒரே ஒரு வீடு பின்னோக்கிப் போகத் தொடங்கியது. சீதாலெட்சுமியின் உடைந்த சட்டி தானாக ஒட்டிக்கொண்டது. நாள்காட்டியில் கிழித்த தாள்கள் தினம் பத்துப் பத்தாகத் திரும்பி வந்தன. மரவள்ளிக்கிழங்கு விலை ஏறிய வாரம் அது. அக்கம்பக்கத்தார் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

அவள் தாள்களை எண்ணினாள். நான்கு வாரத்தில், போன ஜூனில் கணவன் அய்யாவு தொலைந்த காலை வந்துவிடும். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் வைக்க, ஊரைப் பிடித்திருந்த ஜப்பான்காரர்கள் உத்தரவிட்டபோது அவள் மறுத்தவள். அய்யாவு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒன்றரையைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போவான். ஒருநாள் வீட்டுச் சோதனைக்குப் பயந்து அவளே முள்ளை ஜப்பான் நேரத்துக்குத் தள்ளினாள், அவனிடம் சொல்ல மறந்தாள். மறுநாள் எட்டரையைப் பத்து என்று எண்ணியவன், திடல் வழியே குறுக்கே ஓடி, ஆள் பிடிக்கும் லோரியில் சிக்கினான். சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோனார்கள்.

“எல்லாம் பழையபடி ஆனா நீயும்தான் பழையபடி ஆவே. மறுபடியும் சொல்ல மறப்பே லா,” என்றாள் பக்கத்து வீட்டு வீரம்மா.

அதைவிடக் குழந்தை பயமுறுத்தியது. அவன் போனபின் பிறந்த இரண்டு மாதப் பெண், வீட்டுக்குள் தூங்கி எழும்போதெல்லாம் நாள் குறைந்து சிறுத்திருந்தாள். மூன்றாம் நாள் சீதாலெட்சுமி அவளை வீரம்மா கையில் கொடுத்தாள்.

“வாசப்படி தாண்டி உள்ள கொண்டு வராதீங்கக்கா. நான் கேட்டாலும் தராதீங்க.”

அடுத்த வாரம், “யார் புள்ளக்கா இது? மூக்கு எங்க வீட்டுக்காரர் மாதிரி இருக்கே,” என்று சிரித்தாள். அவள் வயிறு மேடிட்டிருந்தது, பின்பு அதுவும் தணிந்து வந்தது. வாசலில் நின்று வீரம்மா மட்டும் தாள்களை எண்ணினாள்.

ஏப்ரலில் அந்தக் காலை வந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டபடி அய்யாவு கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தான். “ஐயையோ, பத்து!”

வாசலுக்கு வெளியே, குழந்தையை இடுப்பில் வைத்திருந்த வீரம்மா தொண்டை கிழியக் கத்தினாள்.

“அண்ணே, கூட்டாதீங்க! அது ஜப்பான் மணிதான்! உங்க பொண்டாட்டி தள்ளி வெச்சுட்டா!”

அவன் உட்கார்ந்து தேநீரைக் குடித்து முடித்தான். பெரிய சாலை வழியாகவே பட்டறைக்குப் போனான். பத்து மாதம் எங்கே போனாய் என்று கேட்டார்கள். ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்திருப்பதாக வாதாடினான். அதே காலையில் சயாம் முகாமில் அவன் படுத்திருந்த பாய் காலியானதாக, அங்கிருந்து திரும்பியவர்கள் பிறகு சொன்னார்கள்.

அன்றோடு தாள்கள் திரும்பி வருவது நின்றது. நவம்பரில் சீதாலெட்சுமிக்கு அதே பெண் மறுபடி பிறந்தாள். அதே மூக்கு, இடது காதின் பின்னே அதே மச்சம். அரிசிப் பங்கீட்டு அட்டையில் குமாஸ்தா இரண்டு பெயர் எழுதினான். மூத்தவளின் சட்டைகள் இளையவளுக்குச் சரியாக இருந்தன.