தெருக் கோட்டு கப்பலேறியது

மருதமுனையில் ஓர் ஆண்பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினால் அதற்கு ஒரேயொரு அர்த்தம்தான். அவன் மாப்பிள்ளை. கந்தோரில் உத்தியோகம் பார்க்கிறவர்கள்கூட வெள்ளைச் சட்டையோடு நிறுத்திக்கொள்வார்கள். கடற்கரைச் சூட்டில் அதற்கு மேல் ஒன்றை எவரும் ஆசைப்பட்டுப் போடுவதில்லை. கைருன்னிஸாவின் தெருவில் மொத்தமே ஒரு கோட்டுத்தான் இருந்தது. தையல்கார முத்தலிப் தைத்து வைத்த கறுப்புக் கோட்டு. அந்தத் தெருவில் கலியாணம் முடித்த ஆண்கள் எல்லாரும் ஒருநாள் அதற்குள் இருந்து வந்தவர்கள்தான்.

ஒல்லி மாப்பிள்ளைக்கும் கொழுத்த மாப்பிள்ளைக்கும் ஒரே கோட்டு எப்படிப் பொருந்தும் என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். சூட்சுமம் உள்பக்கத்தில் இருந்தது. வழமையாகத் தையல்காரர் தையலுக்கு உள்ளே ஒரு விரல் அகலம் துணி விடுவார். முத்தலிப் நாலு விரல் விட்டிருந்தார். தோள் தையலை மட்டும் மெசினில் அடித்து நிரந்தரமாக்கினார். இரண்டு விலாவும் முதுகும் கையால் ஓடவிட்ட நீள நூல்தான். மாப்பிள்ளையை நிறுத்தி அளந்து, ஒல்லி என்றால் உள்ளே மடித்து ஓட்டுவார். கொழுத்த ஆள் என்றால் விரித்து விடுவார். கலியாணம் முடிந்த மறுநாள் நூலை உருவிவிட்டு, வெயில் காட்டி, அந்துருண்டை போட்டு அலுமாரியில் தூக்கிவிடுவார். அதற்குப் பிறகு அந்தக் கோட்டுக்கு வயிறும் இல்லை, வயதும் இல்லை. அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கும்.

எண்பத்திரண்டாம் ஆண்டில் அந்தக் கோட்டை வைத்துத் தெருவே இரண்டுபட்டது. அதற்குக் காரணம் கைருன்னிஸாவின் தம்பி முகைதீன்பாவா.

பாவா ஓர் உல்லாசக் கப்பலில் வேலை செய்தான். வெள்ளைக்காரர்கள் விடுமுறைக்கென்றே ஏறி, ஊர் ஊராகப் பார்த்து, தின்று, நீந்தி, திரும்பவும் ஏறிய இடத்திலேயே இறங்கும் கப்பல். அதன் அடித்தட்டில் சலவைக்கூடம். அதில் இஸ்திரிக்கை போடுவது அவன் வேலை. ஆட்கள் குறைந்த மாதங்களில் வெறுமையாகக் கிடக்கும் அறைகளில் வேலைக்காரரின் குடும்பத்தாரை ஏற்றிக்கொள்ள அனுமதி உண்டாம். கொழும்பில் ஏறினால் மாலைதீவு, கொச்சி, திரும்பக் கொழும்பு. லீவில் வந்த பாவா இதைச் சொன்னபோது கைருன்னிஸா தறியில் இருந்தாள். நூலோடு ஓடிய நாடா பாதி வழியில் நின்றது.

எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் அவன் அந்த ஒரு காரியத்தைச் சொன்னான். கடைசிக்கு முதல் நாள் இரவு கப்பல் தலைவர் கப்பித்தான் கொடுக்கும் விருந்து. அன்றைக்கு மட்டும் ஆண்கள் கோட்டும் டையும் போட வேண்டும். இல்லாவிட்டால் வாசலில் நிற்பவர் உள்ளே விடமாட்டார்.

"அப்ப நான் அறைக்குள்ள கிடந்து பாண் தின்னுறன்" என்றார் கைருன்னிஸாவின் கணவர் அபுல் ஹஸன். "பேரப்புள்ள காணப்போற வயசில எனக்கென்னடா கோட்டு? நான் என்ன ரெண்டாம் கலியாணமா முடிக்கப் போறன்?"

செய்தி தெருவுக்குள் போனதும் ஆளுக்கொரு நியாயம் கிளம்பியது. பள்ளிக்கூடத்து ஷரிபுதீன் மாஸ்டர், போகிற இடத்தின் ஒழுங்குக்கு உடுப்பதுதான் மரியாதை என்றார். பள்ளிவாசலுக்குள் தொப்பியில்லாமல் வருகிறவனை நாம் பார்க்கிற பார்வையை நினைத்துப் பார்க்கச் சொன்னார். சாரன் கடைக்காரர்கள் அதை ஒப்பவில்லை. சோறு தின்ன வாய் போதும், கோட்டு எதற்கு என்றார்கள். பக்கத்து வீட்டு றுகையாவின் யோசனை வேறு மாதிரி. அவள் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, குரலைத் தாழ்த்தினாள்.

"மச்சி, ஆம்புளைக்கு ஒருக்காத்தான் கோட்டுப் போடோணும். ரெண்டாந்தரம் போட்டா அவருக்கே ஒரு நினைப்பு வந்திரும். கப்பல்ல வெள்ளைக்காரிகள் வேற."

கைருன்னிஸா சிரித்தாள். ஆனால் அவளுடைய மனதில் இருந்த காரியம் றுகையாவுக்கும் தெரியாது, அபுல் ஹஸனுக்கும் தெரியாது.

அவள் கலியாணத்தன்று அபுல் ஹஸன் அந்தக் கோட்டில் வந்திருந்தார். தெருவே பார்த்தது. பைத் பாட்டுப் பாடிக்கொண்டு ஊர்வலமாகக் கூட்டிவந்தார்கள், பந்தலுக்குள் நடு இடத்தில் இருத்தினார்கள், காவின் எழுதிக் கலியாணத்தைப் பதிந்தார்கள். அவளோ உள்ளறையில், முகத்தை மூடிய சேலைக்குள், சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அப்படித்தான் முறை. அவர் தாலி கட்ட உள்ளே வந்தபோது குனிந்த தலைக்குத் தெரிந்தது ஒரு சோடிக் கால் மட்டும். விடிந்து அவள் நிமிர்ந்து பார்த்தபோது அவர் பனியனோடு கிணற்றடியில் நின்றார். கோட்டு முத்தலிப்பின் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஊரெல்லாம் பார்த்த மாப்பிள்ளையை மணப்பெண் மட்டும் பார்க்கவில்லை. இப்போது ஒரு கப்பல், ஒரு மண்டபம், நிறைய விளக்கு; அதற்குள் அந்தக் கோட்டோடு அவர் நடந்து வர, பக்கத்தில் அவள். அல்லாஹ் இதைவிட வேறெப்படி ஒரு வழியைக் காட்டுவான்?

அவள் முத்தலிப்பிடம் போய், கணவருடைய சட்டை அளவைக் கொடுத்தாள். அவர் அலுமாரியைத் திறந்து கோட்டை எடுத்தார். விலாவில் இருந்த துணியை முழுவதும் விரித்து ஓட்டி, இனி விரிக்க ஒரு நூல் இடம்கூட இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினார். கோட்டு பெட்டியின் அடியில், அவளுடைய சேலைகளுக்குக் கீழே கப்பலேறியது.

கப்பலில் முதல் இரண்டு நாளும் கைருன்னிஸா ஓர் இடத்தில் இருக்கவில்லை. குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வருகிறதே, சுற்றிவர உப்புக்கடலாச்சே என்று பாவாவைப் பிடித்தாள். கடல்நீரைக் கொதிக்க வைத்து ஆவியைக் குளிரப்பண்ணுகிறார்கள் என்று அவன் சொன்னதும், புட்டுப்பானை மூடியைத் திருப்பினால் உள்பக்கம் சொட்டுமே, அந்தத் தண்ணீர்தானே என்று கேட்டாள். ஓம், அதே தண்ணீர்தான். இப்படிப் பெரிய கப்பல் புட்டுப்பானையின் வேலையைச் செய்கிறது என்பதில் அவளுக்கு அப்படியொரு சந்தோசம். சலவைக்கூடத்துக்கும் கூட்டிப்போகச் சொன்னாள். அங்கே கதவு அகலத்தில் இரண்டு இரும்புப் பலகைகள் வாயைத் திறந்து மூடின. நடுவில் சட்டையை விரித்துக் காலால் மிதித்தால் ஆவி சீறியது, சட்டை அட்டைபோல விறைத்து வெளியே வந்தது. விருந்துக்கான வெள்ளைச் சட்டைகள் மலைபோலக் குவிந்திருந்தன. அவள் ஒரு சட்டைக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் அபுல் ஹஸன் சவர்க்காரம் தேடிப் பெட்டியைக் கிளறினார். கோட்டு வெளியே வந்தது.

அவர் கோட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு மேல்தட்டுக்குப் போய்ச் சாய்கதிரையில் இருந்தார். சற்றுத் தள்ளி ஒரு வெள்ளைக்காரரும் பெண்சாதியும் வாய்த்தர்க்கத்தில் இருந்தார்கள். அந்த வெள்ளைக்காரர் வெயிலில் வெந்த இறால்போலச் சிவந்த பெரிய மனிதர். சுத்தமான துவாய்களோடு வந்த பாவாவை நிறுத்தி, என்னடா சண்டை என்று அபுல் ஹஸன் கேட்டார்.

அதே உடுப்புச் சண்டைதான் என்று பாவா சொன்னான். மனிதர் சொல்கிறார்: வருசம் முழுக்கக் கழுத்தில் டையைக் கட்டி வேலை செய்கிறேன், விடுமுறையிலுமா கட்ட வேண்டும், நான் போட்டிருக்கிற உடுப்பு மற்றவனுடைய கோப்பையில் விழப்போகிறதா என்கிறார். பெண்சாதி சொல்கிறாள்: இந்த ஓர் இரவு இல்லாவிட்டால் இதற்கும் கடற்கரைச் சாப்பாட்டுக்கடைக்கும் என்ன வித்தியாசம், எல்லாரும் சோடித்து வந்தால்தானே விருந்து என்கிறாள். பாவா பல பயணங்களில் இதைக் கேட்டிருக்கிறானாம். உடுப்பை வைத்துக் கப்பல் எப்போதும் இரண்டு கட்சி; ஒவ்வொரு பயணத்திலும் தோற்ற கட்சி அறைக்குள் சாப்பிடும்.

அபுல் ஹஸன் அன்றுதான் முதன்முறையாகச் சிரித்தார். வெள்ளைக்காரனுக்கும் இந்தக் கரைச்சல் இருக்கிறது என்பது அவருக்கு ஓர் ஆறுதலாகப் போயிற்று. அறைக்குத் திரும்பி வந்தவர் கோட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"இத ஏன் புள்ள என்னட்டச் சொல்லாமக் கொண்டு வந்த?"

கைருன்னிஸா அப்போது சொன்னாள். சேலைக்குள் இருந்த இருட்டை, தெரிந்த ஒரு சோடிக் காலை, கிணற்றடிப் பனியனை. "ஊர்ல எல்லாரும் பாத்த. நான்தான் பாக்கல்ல. ஒருக்காப் பாத்தாப் போதும், மறுகா நான் கேக்க மாட்டன்."

அவர் கோட்டுக்குள் ஒரு கையை விட்டார். "இதுக்குள்ள என்ட வயிறு ஏறுமா?" என்றார்.

வயிறு ஏறியது. அடுத்த நாள் இரவு, பாவா காலையிலேயே கொடுத்துப்போன டையை அவள் மூன்று தரம் கட்டி அவிழ்த்துக் கட்டினாள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, தொப்பி, கீழே ஊர் முறைப்படி கஞ்சி போட்டு இடுப்பில் சுற்றிய வெள்ளைச் சாரன். அவள் தானே நெய்த மயிற்கழுத்து நிறச் சேலையை உடுத்து முக்காட்டை ஊசியால் குத்தினாள். நிமிர்ந்து பார்த்தாள். நல்ல வடிவாக இருந்தார். ஆனால் அவள் பார்க்க நினைத்தது அறைக்குள் நிற்கிற மாப்பிள்ளையை அல்ல, சபைக்குள் நடந்து வருகிற மாப்பிள்ளையை.

மண்டபத்து வாசலில் மஞ்சள் விளக்குகள். உள்ளே வயலின் வாசித்தார்கள். வாசலில் நின்ற அதிகாரி கோட்டைப் பார்த்துத் தலையசைத்தார், டையைப் பார்த்துத் தலையசைத்தார், பிறகு பார்வை கீழே இறங்கி நின்றது. கையை நீட்டி வழியை மறித்தார்.

கைருன்னிஸாவுக்கு விளங்கவில்லை. ஆளனுப்பிக் கூப்பிட்ட பாவா வேர்வையோடு ஓடி வந்து, மச்சானின் காலைப் பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்தான்.

"களிசான் போடோணும் மச்சான்."

"நீ கோட்டும் டையும் எண்டுதானேடா சொன்ன?"

சொன்னான்தான். கோட்டு என்றால் கீழே இரண்டு காலையும் நுழைக்கிற களிசான் என்பது கப்பலில் எல்லாருக்கும் தெரிந்தது. அதை யாரும் வாயால் சொல்வதில்லை. கோட்டு என்றால் கீழே சாரன் என்பது மருதமுனையில் எல்லாருக்கும் தெரிந்தது. அதையும் யாரும் சொல்வதில்லை. கப்பலில் இருந்து இருந்து பாவா இரண்டாவதை மறந்துவிட்டான்.

பின்னால் வரிசை நீண்டது. இறால் நிற மனிதர் கடைசியில் தோற்றுப்போய்க் கோட்டோடு வந்திருந்தார்; அவர் இப்போது கட்சி மாறி, எனக்கொரு சட்டம் இவருக்கொரு சட்டமா என்றார். அவருடைய பெண்சாதியும் மாறி, இந்த வரிசையில் இவரைவிட ஒழுங்காக உடுத்தவர் யார் என்று கேட்டாள். பாவா இரண்டையும் மச்சானின் காதுக்குள் சொன்னான். அதிகாரி நல்ல மனிதர்தான், கையைப் பிசைந்தார். இப்படி வருகிறவர்களுக்கென்று சில களிசான்கள் இருக்கின்றன, ஒன்று எடுத்துவரலாம் என்றார்.

அறைக்குத் திரும்பினால் அபுல் ஹஸன் மறுபடி வரமாட்டார் என்று கைருன்னிஸா நினைத்தாள். இவ்வளவு கிட்ட வந்து.

ஆனால் அபுல் ஹஸன் அசையவில்லை. அவர் முதுகு நிமிர்ந்திருந்தது. அந்தக் கோட்டு அவருக்குள் என்னவோ செய்திருந்தது; றுகையா சொன்னது முழுப்பிழையும் இல்லை.

"வாசலுக்கு வந்த மாப்புள திரும்பிப் போறல்ல. களிசான இஞ்ச கொண்டாடா."

பாவா ஓடிப்போய்க் கொண்டுவந்தான். பரிசாரகர்கள் போடும் கறுப்புக் களிசான். சாரன் உடுத்துப் பழகாதவர்களுக்கு இது விளங்காது: சாரன் என்பது உடுப்பு மட்டுமில்லை, ஆளோடு கூடவே நடக்கும் ஓர் அறை. கடலில் குளித்தவர் நடுச்சந்தியில் நின்றே உடுப்பு மாற்றுவார், ஒரு விரல் தோல் தெரியாது. அபுல் ஹஸன் செருப்பைக் கழற்றினார். சாரனின் மேல்விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டார். வரிசை மூச்சுக்காட்டாமல் பார்த்தது. உள்ளே ஒரு முழங்கால் மேலே வந்தது, போனது; மற்றது வந்தது, போனது; சிறு துள்ளல் ஒன்று. சாரனை இறக்கி இடுப்பில் சுருட்டிச் செருகினார். கீழ்விளிம்பை ஒரு சாண் உயர்த்திக் களிசானைக் காட்டினார்.

"கோட்டு இரிக்கு, டை இரிக்கு, களிசான் இரிக்கு. இனி என்ன வேணுமெண்டு கேளு."

பாவா கேட்டான். அதிகாரி யோசித்தார். களிசான் போட வேண்டும் என்பது ஒழுங்கு. களிசானுக்கு மேலே என்ன இருக்கக்கூடாது என்று ஒழுங்கில் ஒன்றும் இல்லை. சிரிப்பில் அவருடைய மீசை முதலில் ஆடியது, பிறகு தோள். கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்தார்.

அபுல் ஹஸன் சாரனை இறக்கிவிட்டு, கோட்டின் பொத்தானைச் சரிசெய்து, முன்னால் நடந்தார். கைருன்னிஸா வேண்டுமென்றே நாலு அடி பின்தங்கினாள். விளக்கு வெளிச்சமெல்லாம் அவர் மேல் விழுந்தது. மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதுகுத் தையலில் நூல் விண்ணென்று நின்றது. அவர் மூச்சு விடுவது அதில் தெரிந்தது. அவள் தலை குனியவில்லை. பின்பக்கம் பார்த்துத் தீர்ந்ததும் வேகமாக எட்டி நடந்து, முன்பக்கத்தையும் பார்த்தாள்.

"என்ன புள்ள, வாயப் பொளந்து பாக்க?" என்றார் அவர், உதடு அசையாமல்.

"ஒண்டுமில்ல. நடங்க" என்றாள் அவள். "அந்த மூலைல இரிக்கிற மேசைக்குப் போவம். அதுதான் ஆகத் தூரம்."