துண்டில் பட்ட மூச்சு

சாமிதுரையின் தோளில் துண்டு நிற்காது. இதை ஊரில் சொன்னால் சிரிப்பார்கள், அவன் பெண்டாட்டி தையல்நாயகியிடம் சொன்னால் அடிக்க வருவாள். கழுத்தை நீட்டிக் கட்டிக்கொண்டு வந்த நாளாக அவளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். பண்ணையாரின் வில்வண்டிச் சலங்கை எங்கோ வாய்க்கால் திருப்பத்தில் கேட்கும். இங்கே நடவு வயலில் நிற்கிற புருஷனின் துண்டு தோளிலிருந்து இறங்கி இடுப்புக்குப் போய்விடும். கை இரண்டும் மார்பில் கட்டிக்கொள்ளும், தலை மண்ணைப் பார்க்கும். ஒரு தடவை பண்ணையார் வீட்டுக் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு எதிரே வந்தபோதுகூட மனுஷன் துண்டை இறக்கினான்.

"கன்னுக்குட்டிக்குமாங்க?" என்று கேட்டாள் அவள்.

"கை பழகிப்போச்சு தையலு."

வேறு வருஷமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அந்த வருஷம் சிரிக்க முடியவில்லை. குத்தகைக்கு உழுகிறவன் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று புது ஆட்சியில் சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் நினைத்தபோது நிலத்தை விட்டு இறக்க முடியாது. கீழ்வேளூரைச் சுற்றி ஊருக்கு ஊர் கொடி ஏறியது, கூட்டம் நடந்தது, சில இடங்களில் மண்டையும் உடைந்தது. அப்பன் காலத்திலிருந்து சாமிதுரை உழுகிற ஆறு மா, இரண்டு ஏக்கர் நிலத்துக்கும் விசாரணை வந்தது. அதிகாரி கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"இந்த நிலத்த யாருப்பா சாகுபடி பண்றது?"

அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில் பண்ணையார் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். சாமிதுரையின் துண்டு இறங்கியது.

"ஐயாதாங்க" என்றான்.

ஐயாதாங்களாம்! அந்த ஐயாவுக்கு நாற்றுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாது. தையல்நாயகி அன்றைக்கு வீட்டுக்கு வந்து அடுப்பே மூட்டவில்லை. விவசாயிகள் சங்கத்து ஆட்கள் நடையாய் நடந்து மறு விசாரணை வாங்கினார்கள். காணும் பொங்கலுக்கு மறுநாள் அது. இதிலும் வாய் குழறினால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று சொல்லித்தான் போனார்கள். வயலில் சம்பா சாய்ந்து நின்றது. அதை அறுப்பது யார் என்பது அவன் நாக்கில் இருந்தது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயிருந்தும் திறக்காத பிள்ளையை என்ன செய்வது? அவள் அவனைத் தொழுவத்தில் நிற்கவைத்துப் பழக்கினாள். மயிலைக் காளைதான் அதிகாரி. "நான்தாங்க உழுவுறேன்" என்று காளையிடம் கணீரென்று சொன்னான். அவளிடம் சொன்னான். கிணற்றைப் பார்த்துக்கூடச் சொன்னான். "சரி, இப்ப நான் பண்ணையார்" என்று அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலைத் தூக்கிக் கால்மேல் போட்டதுதான் தாமதம், துண்டு இடுப்பில் இருந்தது. பெண்டாட்டி என்று தெரிந்தே இறக்கினான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பண்ணையாரும் சும்மா இருக்கவில்லை. வருஷா வருஷம் பொங்கலுக்குத் தருகிற வேட்டி துண்டை இந்த வருஷம் தானே கூப்பிட்டுக் கொடுத்தார். துண்டு அகலக் கரை போட்ட நல்ல துண்டு. "நம்ம ஆளுடா நீ" என்று முதுகில் தட்டியும் அனுப்பினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தத் தட்டலில் புருஷன் இன்னும் ஒரு சாண் குறைந்து வந்ததை அவள் கண்ணால் பார்த்தாள்.

அன்று சாயங்காலமே முடிவு செய்துவிட்டாள். காணும் பொங்கலன்றைக்கு இந்த ஆள் ஊரில் இருக்கக் கூடாது. பண்ணையார் வீட்டு ஓடு தெரியாத இடத்துக்குக் கொண்டுபோய் ஒரு பகல் வைத்திருக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்து அப்படிப்பட்ட இடம் நாகப்பட்டினத்துக் கடற்கரைதான்.

காணும் பொங்கல் கூட்டம் கரையெல்லாம் அப்பிக் கிடந்தது. ஆற்று முகத்துவாரத்தில் ஒரு விசைப்படகைச் சுற்றி மட்டும் கூடுதல் இரைச்சல். மூங்கில் வளைத்து, சாக்குத் தைத்து, தார் பூசி, படகின் முகப்பில் பெரிய மீன் வாய் ஒன்றைப் பிளந்து வைத்திருந்தார்கள். பலகை ஏறி அந்த வாய்க்குள் நுழைந்துதான் படகில் உட்கார வேண்டும். வாயோரத்தில் கூம்பு ஒலிபெருக்கியுடன் நின்றவர் ஜெக்கரியா. நாகூரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், பினாங்கில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே என்னென்ன வேடிக்கை பார்த்தாரோ, எல்லாவற்றையும் இங்கே செய்து பார்த்துவிட வேண்டும் என்று துடிப்பவர்.

"வாங்க, வாங்க! திமிங்கிலத்தோட வாய்க்குள்ள நொழஞ்சு திமிங்கிலத்தையே பாத்துட்டு வாங்க! ஒரு வாரமா நம்ம கடலோரத்துல நடமாடுது!"

படகுக்காரர் காயாரோகணம் சுக்கானைப் பிடித்தபடி முணுமுணுத்தார். "பாய், அதுக்கு இப்படிப் பல்லெல்லாம் இருக்காது. நான் பாத்துருக்கேன்."

"பல்லு இல்லன்னா ஜனம் நம்பாது காயாரோகணம். நீ வண்டிய ஓட்டு."

வழக்கமாகப் பெண்கள் அந்தப் படகில் கால் வைக்க மாட்டார்கள். வலை ஏற்றாத நாளில் படகு வெறும் வண்டிதான் என்று காயாரோகணமே சொல்லிவிட்டதால் அன்றைக்குத் தடையில்லை. தையல்நாயகி கையிலிருந்த ஒரு கட்டுப் பொங்கல் கரும்பைக் காட்டி, "இத வச்சுக்கிட்டு ரெண்டு பேர ஏத்திக்கிவீங்களா பாய்?" என்றாள். ஜெக்கரியா கரும்பின் கணுவைப் பார்த்தார், தலையாட்டினார்.

"ஆழம் தெரியாம கால விடாதன்னு சொல்லுவாங்க தையலு" என்றான் சாமிதுரை.

"கால விட வேணாம், உள்ள வந்து குந்துங்க" என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மீன் வாய்க்குள் நுழைந்தாள்.

கரை தள்ளித் தள்ளிப் போயிற்று. முதலில் ஜனங்கள் புள்ளியானார்கள், பிறகு கலங்கரை விளக்கம் குச்சியானது, வடக்கே நாகூர் தர்கா மனோராக்கள் மட்டும் வெள்ளையாய்த் தெரிந்தன. ஜெக்கரியா ஒலிபெருக்கியில் யூனுஸ் நபி கதையை எடுத்தார். ஒரு பெரிய மீன் அவரை விழுங்கியது, உள்ளே கும்மிருட்டு, மேலே கடலின் கனம்.

"அந்த வயித்துக்குள்ள இருந்துக்கிட்டும் நபி அவங்க வாயத் தொறந்தாங்க. இறைவனக் கூப்புட்டாங்க. வாயத் தொறந்ததாலதான் கரைக்கு வந்து சேந்தாங்க."

தையல்நாயகி புருஷன் விலாவில் முழங்கையால் ஒரு குத்துக் குத்தினாள். எருமை மேல் மழை பெய்த மாதிரி அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனசு நாளைக்கு நடக்கப்போகிற விசாரணையில் இருந்தது. இவ்வளவு தூரம் இழுத்து வந்தும் பண்ணையாரும் கூடவே படகேறி வந்துவிட்டாரே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

வெயில் ஏறியது. ஒன்றும் வரவில்லை. ஜனங்கள் கரும்பு கடித்தார்கள், இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். "திமிங்கிலம் பொங்கல் லீவுல போயிருக்கா பாய்?" என்று ஒருவர் கேட்க, படகே சிரித்தது. ஜெக்கரியா முகம் சுருங்கிப்போனார்.

திடீரென்று காயாரோகணம் எஞ்சினை நிறுத்தினார்.

"பாய், அந்தக் கொழாய நிறுத்துங்க. யாரும் வெரல நீட்டாதீங்க. எங்க குடும்பத்துப் பழக்கம், பெரியவங்க வர்றப்ப நாங்க சத்தம் போட மாட்டோம்."

படகுக்கு வலப்பக்கம், அலை அடித்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு திட்டு மட்டும் எண்ணெய் ஊற்றியதுபோல வழவழவென்று ஆனது. அந்த வழவழப்புக்கு அடியில் நிறம் மாறியது. கடலின் அடித்தரை மேலே வருகிறது என்றுதான் தையல்நாயகி நினைத்தாள். பிறகு தண்ணீர் பிளந்தது.

ஒரு முதுகு வந்தது. வந்தது, வந்துகொண்டே இருந்தது. தலை எங்கே, முடிவு எங்கே என்று ஒன்றும் பிடிபடவில்லை. கறுப்பும் சாம்பலுமாய் ஈரம் மினுங்க, அவசரமே இல்லாமல், தண்ணீர் இரண்டு பக்கமும் வடிய வடிய அது வந்துகொண்டிருந்தது. அவர்கள் படகு அதன் பக்கத்தில் வாய்க்காலில் விட்ட காகிதக் கப்பல். சாக்கும் தாரும் பூசின அந்தப் பொம்மை வாயைத் திரும்பிப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. அது மூச்சு விட்டது. ரைஸ் மில்லில் நீராவியைத் திறந்துவிடுகிற சத்தம். ஆளுயரத்துக்குப் பல மடங்கு மேலே புகைத்தூண் எழும்பி, காற்றில் சாய்ந்து, படகின் மேல் மழையாக விழுந்தது. மீனும் உப்பும் அழுகலும் கலந்த வாடை. ஒருவரும் மூக்கைப் பிடிக்கவில்லை.

அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இவ்வளவு பெரிய உயிர் தங்கள் வயலிலிருந்து ஒரு காலை நடை தூரத்தில் இத்தனை காலம் மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நாம் என்னடாவென்றால் களத்துமேட்டையும் பண்ணைவீட்டு வாசலையுமே உலகம் என்று நினைத்திருந்தோமே என்று இருந்தது. பயம் இருந்தது, ஆனால் ஓடச் சொல்கிற பயம் இல்லை. இன்னும் கொஞ்சம் இரு, இன்னும் கொஞ்சம் இரு என்று கெஞ்சுகிற பயம்.

அப்போதுதான் புருஷனைப் பார்த்தாள். சாமிதுரை எழுந்து நின்றிருந்தான். துண்டு இடுப்பில் இருந்தது. கை இரண்டும் மார்பில் கட்டியிருந்தன. முதுகு வளைந்திருந்தது.

மீனுக்குமா, பாவி மனுஷா, என்று அவள் வாய்வரை வந்தது.

ஆனால் குனிந்து நின்றால் அது தெரியவில்லை போலிருக்கிறது. அவன் தலையைக் கொஞ்சம் தூக்கினான். முதுகு இன்னும் நீண்டுகொண்டே போனது, அவன் இன்னும் தூக்கினான். கட்டியிருந்த கை தளர்ந்து கீழே விழுந்தது. படகின் விளிம்பை ஒட்டிப் போகும்போது அது லேசாகப் புரண்டது. தண்ணீருக்கு ஒரு முழம் கீழே, மடிப்பு மடிப்பான தோலுக்கு நடுவில் ஒரு கண். அந்தக் கண் படகைப் பார்த்தது, ஆட்களைப் பார்த்தது, சாமிதுரையையும் பார்த்தது. அவன் நெஞ்சை நிமிர்த்தி அதைப் பார்த்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் இவ்வளவு உயரம் என்பது தையல்நாயகிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு வால் எழுந்தது. ஒரு களம் அகலத்துக்கு விரிந்து, நீர் சொட்டச் சொட்ட நின்று, சத்தமில்லாமல் உள்ளே போனது. வழவழத் திட்டு மட்டும் கொஞ்ச நேரம் கிடந்து, அலையில் கலைந்தது.

ஜெக்கரியா ஒலிபெருக்கியை மடியில் வைத்துக்கொண்டு குழந்தைபோல விசும்பினார். "நான் பினாங்குல இத பாக்கல" என்றார் கடைசியில். "பாத்தேன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். இன்னைக்குத்தான் பாக்குறேன்." காயாரோகணம் அவர் தோளில் கை வைத்துவிட்டு எஞ்சினைப் போட்டார்.

கீழ்வேளூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பில் நடக்கும்போதுதான் சாமிதுரை வாயைத் திறந்தான்.

"அம்மாம் பெருசு தையலு. எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல."

வீட்டுக்கு வந்ததும் அவள், பண்ணையார் கொடுத்த அந்தப் புதுத் துண்டை வாங்கிச் சவுக்காரம் போட்டு அடித்துத் துவைத்தாள். வாடை போகவில்லை. சாம்பல் போட்டுத் துவைத்தாள், அப்போதும் போகவில்லை. "பழைய துண்டு எடுத்துக்கங்க" என்று காலையில் சொன்னாள். அவன் கேட்காமல் கொடியிலிருந்து அதையே உருவித் தோளில் போட்டுக்கொண்டான்.

கீழ்வேளூரில் விசாரணை நடந்த கட்டடத்து வாசலில் கூட்டம் நெருக்கியடித்தது. உள்ளே அதே மேஜை, அதே அதிகாரி, பக்கத்து நாற்காலியில் அதே பண்ணையார், அதே வெற்றிலைப் பெட்டி. பெயரைக் கூப்பிட்டார்கள். சாமிதுரை போய் முன்னால் நின்றான். தையல்நாயகி கதவோரத்திலிருந்து அவன் முதுகைத்தான் பார்க்க முடிந்தது.

வலது கை எழும்பியது. துண்டின் நுனியைப் பிடித்தது. தோளிலிருந்து இழுத்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மூச்சு நின்றுவிட்டது.

அவன் துண்டால் முகத்தை நன்றாகத் துடைத்தான். துடைத்துவிட்டு, உதறி, திரும்பத் தோளில் போட்டுக்கொண்டான். உதறிய காற்றில் பண்ணையார் முகத்தைச் சுளித்தார்.

"என்னடா நாத்தம் இது? நான் குடுத்த துண்டாடா அது?"

"ஆமாங்கய்யா. நேத்து கடலுக்குப் போயிருந்தேன். பெரியவங்க மூச்சு பட்டுடுச்சு. தொவச்சும் போவல."

பண்ணையாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்தப் பெரியவங்கடா?" என்றார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"சொல்லுப்பா. நிலத்த சாகுபடி பண்றது யாரு?"

சாமிதுரை தலையை நிமிர்த்தினான். அவசரப்படவில்லை.

"நான்தாங்க. ஆறு மாவும் நான்தாங்க உழுவுறேன். எனக்கு முன்ன எங்கப்பா உழுதாரு."

அதிகாரி எழுதத் தொடங்கினார். பண்ணையாரின் கை வெற்றிலையின் மேல் அப்படியே நின்றது. கதவோரத்தில் தையல்நாயகி இழுத்து ஒரு மூச்சு விட்டாள். மீன் வாடை நெஞ்சு நிறைய ஏறியது.