பதினோரு மணிக்குள் சிதம்பரம்

திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தின் நடைமேடையை அனுப்பிரியா ஒன்பதாவது தடவையாக அளந்துகொண்டிருந்தாள். உட்கார முடியவில்லை. அக்டோபருக்குப் பிறகு அவளால் எங்கேயும் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடிந்ததில்லை. சோறு தின்பதுகூட நின்றபடிதான். கையில் பச்சையும் மஞ்சளும் பின்னிய ஒயர் கூடை. பதினோரு மணிக்குச் சிதம்பரத்தில் டாக்டர் மலர்க்கொடியைப் பார்க்க வேண்டும். ரயிலோ ஒன்றரை மணி நேரம் தாமதம் என்று ஒலிபெருக்கி மூன்று மொழியில் சொல்லிவிட்டது.

"மூணு பாஷையிலயும் ஒரே கதையத்தான் சொல்றான்," என்றாள் ஜான்சி, அனுவின் அண்ணன் எழிலனுடைய மனைவி. சிமெண்ட் பெஞ்சில் சாய்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "வா, பஸ்ல போயிடலாம்."

"ரயில் வரட்டும் அண்ணி."

"வரும். பதினொண்ணரைக்குக் கொண்டாந்து எறக்கி வுடும். அந்தக் கிளினிக் பொண்ணு என்ன சொன்னா? ரெண்டு தடவை வரலை, மூணாவது தடவையும் வரலைன்னா பேரை அடிச்சிருவேன்னு சொன்னாளா இல்லியா? அப்பறம் மூணு மாசம் ஆவும். மூணு மாசமும் வூட்டுக்குள்ளயே நடந்து நடந்து தரையத் தேய்ப்ப. டைல்ஸ் மாத்துறது யாரு, உங்கண்ணனா?"

அனுவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

மலர்க்கொடி என்ற அந்தப் பெயரைக் கண்டுபிடிக்கவே நான்கு மாதம் ஆகியிருந்தது. தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த கடலூர் மனநல மருத்துவர்தான் முதலில் சொன்னார்: விரலை இப்படியும் அப்படியும் அசைப்பார்கள், கண்ணால் தொடர வேண்டும், தொடர்ந்துகொண்டே அந்த நாளை நினைக்க வேண்டும். நினைவு போகாது, அதன் கூர் மழுங்கும். இ.எம்.டி.ஆர். என்று பெயர். "ஆனா நான் அதுல ட்ரெயினிங் எடுத்தவன் இல்லம்மா."

அன்றிலிருந்து அனு நடந்துகொண்டே போன் செய்தாள். புதுச்சேரியில் ஒருவர் பயிற்சியில் பாதிதான் முடித்திருந்தார். சென்னையில் ஏழு பேர் இருந்தார்கள்; சென்னை வரை உட்கார்ந்து போகக்கூடியவள் என்றால் அவள் ஏன் தேடப்போகிறாள்? ஒருவர் வீடியோ காலில் செய்யலாம் என்றார். நடுவில் நெட் நின்று, அவருடைய விரல் திரையின் இடது ஓரத்தில் உறைந்துபோனது. அனுவின் கண்ணும் அங்கேயே நின்றது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கினாள். விருத்தாசலத்தில் ஒரு வரவேற்புப் பெண், "கண் டாக்டர் செவ்வாக்கெழமதான் வருவாரு," என்றாள்.

எல்லோரிடமும் அனு ஒரே கேள்வியைக் கேட்டாள்: முறையாகப் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா, எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? நேராகப் பதில் சொன்னவர் சிதம்பரத்து மலர்க்கொடி ஒருவர்தான். "எடுத்திருக்கேன். ஒரு நாப்பது பேருக்குப் பண்ணியிருப்பேன். நாலு பேருக்குப் பிரயோஜனப்படலை." அந்த நாலு பேரைச் சொன்னதால்தான் அனுவுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

ஆனால் சிதம்பரம் போகிற சாலைதான் அந்தச் சாலை.

ஆலப்பாக்கத்தில் ஒரு பள்ளியில் அவள் கணக்கு டீச்சராக இருந்தாள். அன்றைக்கு நல்ல மழை. காலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது. நின்றுகொண்டிருந்த ஒரு அம்மாள், "இத்த கொஞ்சம் வெச்சிக்கம்மா," என்று கூடையை அவள் மடியில் வைத்தாள். வழக்கம்தான். உட்கார்ந்திருப்பவரின் மடி நிற்பவருக்கும் சொந்தம். அனு முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பூண்டியாங்குப்பம் தாண்டி, குறுக்கே வந்த மாட்டுக்காகப் பஸ் ஒடித்துத் திரும்பியது. கண் விழித்தபோது அவள் வயல் தண்ணீரில் கிடந்தாள். கூடை அப்படியே கைகளுக்குள் இருந்தது. உள்ளே ஒரு குக்கர் கேஸ்கட், தாளில் சுற்றிய கருவாடு.

இறந்தவர்கள் இரண்டு பேர் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். பெயர்களை அனு படிக்கவில்லை. படித்தால் அதில் ஒரு பெண் பெயர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கருவாட்டை ஜான்சி எடுத்துப் போட்டாள். கூடையைப் பல தடவை கழுவியாயிற்று. கேஸ்கட் இன்னும் அதற்குள்தான் இருக்கிறது. டாக்டரிடம் காட்டலாம் என்று இன்றைக்கு எடுத்து வந்திருந்தாள்.

"மணி ஒம்போதரை," என்றாள் ஜான்சி, கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தபடி. "நான் போறேன். டாக்டர்கிட்ட உனக்குப் பதிலா நான் விரலைப் பாத்துட்டு வர்றேன்."

அவள் உண்மையிலேயே நடக்க ஆரம்பித்துவிட்டாள். அனு பின்னால் ஓடினாள்.

பஸ்ஸில் இடம் இருந்தது. ஆனாலும் அனு உட்காரவில்லை.

"ஏம்மா, சீட்டு காலியா கெடக்குது, நிக்கிற? நேத்திக்கடனா?" என்றார் கண்டக்டர்.

"ஆமாண்ணே, நடராஜருக்கு வேண்டிக்கிட்டிருக்கா," என்றாள் ஜான்சி. "சர்ச்சுக்குப் போற வேதக்காரி நானே கூட வர்றேன்னா பாத்துக்கங்க."

முதுநகரில் கூட்டம் ஏறி, ஜான்சியின் இருக்கைக்கும் அனுவுக்கும் நடுவில் சுவர்போல் நின்றது. பஸ் சிப்காட்டைத் தாண்டியதும் வேகம் எடுத்தது. ஒரு கையால் கம்பி, ஒரு கையால் கூடை. உள்ளங்கை வேர்த்துக் கம்பி வழுக்கியது. இறங்கிவிடலாமா? இப்போது கத்தினால் நிறுத்துவார்கள். நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம்.

"அக்கா, கூடையைக் குடுங்க, வெச்சிக்கிறேன்."

பக்கத்து இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண். கழுத்தில் அடையாள அட்டை, காதில் ஒரு பக்கம் மட்டும் பாட்டு.

"வேணாம்மா."

"குடுங்கக்கா. வுழுந்துரப் போறீங்க."

"வேணாம்னு சொல்றேன்ல." குரல் அவளுக்கே அதிகமாகக் கேட்டது. நாலு பேர் திரும்பினார்கள். அந்தப் பெண் மட்டும் நீட்டிய கையை மடக்கவில்லை. பெயர்ப்பலகை வந்தது: பூண்டியாங்குப்பம். அந்த வளைவில் பஸ் சாய்ந்தது. அனுவுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. கொடுத்துவிட்டாள்.

அந்தப் பெண் கூடையை மடியில் வாங்கி, பார்க்காமலேயே இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டு, போனுக்குத் திரும்பினாள். மேலிருந்து அனுவுக்கு அவளுடைய வகிடு தெரிந்தது, கூடையை வளைத்த கைகள் தெரிந்தன. அந்த அம்மாள் பார்த்துக்கொண்டு வந்தது இதைத்தான். எட்டு மாதமாக அனு அந்தக் காலையை மடியிலிருந்து மட்டுமே பார்த்துவந்திருக்கிறாள். அந்த அம்மாள் எதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள்? இதே மாதிரி ஒரு கம்பியைத்தான்.

வெளியே வயல் காய்ந்து வெடித்துக் கிடந்தது, எந்த இடம் என்று சொல்ல முடியாதபடி. பிறகு ஆலப்பாக்கம் வந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் அந்தப் பெண் கூடையைத் திருப்பித் தந்தாள். அதன் பிடி சூடாக இருந்தது.

மேல வீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே கிளினிக். படியேறும்போது மணி பதினொன்றுக்கு நாலு நிமிடம் இருந்தது. உதவியாளர் பெண் நோட்டில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அனுப்பிரியாவா? நெசமாவே வந்துட்டீங்களா?"

"கைப்புள்ளயத் தூக்கியாற மாதிரி கொண்டாந்துட்டேன், டிக் அடி," என்றாள் ஜான்சி மூச்சு வாங்கியபடி.

மலர்க்கொடிக்கு ஐம்பது வயது இருக்கும். மேசையில் தண்ணீர்ச் சொம்பு, மூடாத ஒரு பேனா. "இன்னிக்கு விரல் அசைக்கிறதெல்லாம் கெடையாது," என்றார். "ரெண்டு மூணு தடவை பேசணும். அப்பறம்தான் அது."

அனுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாலு மாதம் தேடியது இதற்கா? ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் நடக்கத் தொடங்கினாள். டாக்டர் உட்காரச் சொல்லவில்லை. அவளையும் கூடையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுல வந்தீங்க?"

"பஸ்லதான்."

"ஒக்காந்துக்கிட்டா, நின்னுக்கிட்டா?"

அனு நடப்பதை நிறுத்தினாள். எட்டு மாதத்தில் என்னென்னவோ கேட்டார்கள். எலும்பு உடைந்ததா, நஷ்டஈடு வந்ததா, ஜாதகம் பார்த்தீர்களா. இதை யாரும் கேட்டதில்லை. கூடையைக் கொண்டுபோய் அவருடைய மேசைமேல் வைத்தாள்.

"நின்னுக்கிட்டுதான் டாக்டர்," என்று நின்றபடியே சொல்ல ஆரம்பித்தாள்.