ஹெர்னியா என்று சொல்லி வைத்த தழும்பு

என் மகனுக்கு எட்டு மாதம். ஒரு பக்க விதை இன்னும் விதைப்பைக்குள் இறங்கவில்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டு ஆபரேஷன் செய்யலாம் என்று பிறந்தபோதே சொல்லியிருந்தார்கள். நாள் குறித்ததிலிருந்து என் மாமியார் ஒற்றைக்காலில் நின்றார், கூடவே கூடாது என்று.

"பச்ச உடம்புல கத்தி வைக்கணுமா? தானா இறங்கிடும்மா."

"ஆறு மாசத்துக்கு மேல அப்படி இறங்குறது அபூர்வமாம் அத்தை."

"டாக்டருக்கு என்ன, கத்தி கையில இருக்கு!"

பேரன் தும்மினாலே டாக்டரிடம் ஓடச் சொல்கிறவர் இவர். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற நான் எந்தக் கிறுக்கலையும் படித்துவிடுவேன். அத்தையை மட்டும் படிக்க முடியவில்லை.

ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட மூன்று பேரும் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அச்சகத்திலிருந்து நேரே வந்த என் கணவரின் விரலெல்லாம் மை.

"ஒரு பக்கம்தானே, ஒரு வயசுக்குள்ள செஞ்சுட்டா நாளைக்கு இவன் அப்பாவாகுறதுக்குப் பெரும்பாலும் தடையில்ல" என்றார் டாக்டரம்மா. "புத்துநோய் வர வாய்ப்பு மத்தவங்களவிடக் கொஞ்சம் கூட. பயப்படுற அளவுக்கு இல்ல. ஆனா பதினாலு வயசுல விவரத்தச் சொல்லிடுங்க. மாசம் ஒரு தடவ குளிக்கும்போது அவனே தொட்டுப் பாக்கணும். கட்டி மாதிரி பட்டா உடனே வரணும்."

"சொல்லாம விட்டா?" என்று அத்தை கேட்டார்.

"தெரியாதவன் எப்படிப் பாத்துப்பான்?"

அத்தையின் முகம் வெளிறிப்போனது. என் கணவரைக் காட்டினார். "இவனுக்கும் ஒன்பது வயசுல இதே ஆபரேஷன்தான் பண்ணினாங்க. ஹெர்னியான்னு சொல்லி வச்சிட்டேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே இடத்தில் தழும்பு இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! அதற்காகத்தான் இத்தனை அடம்.

"ஏம்மா சொல்லல?" என்றார் கணவர்.

"கல்யாணம் ஆகாதோன்னு பயம்டா."

"அதான் ஆயிடுச்சே."

"குழந்தை பிறக்காதோன்னு பயம்."

"அதுவும் பிறந்தாச்சே."

"அப்புறம் நீ இப்படிக் கேப்பியேன்னு பயம்."

டாக்டரம்மா கணவரைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போய்ப் பரிசோதித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்கு வருடம் குழந்தையில்லாமல் ஸ்கேன், ஊசி, மாத்திரை என்று பட்டவள் நான். அவருக்கு ஒரு டெஸ்ட் எடுக்கலாம் என்றபோதெல்லாம், "அவனுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கான்" என்று தட்டிக் கழித்தவர் அத்தை.

கணவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். "கட்டி எதுவும் இல்லையாம். ஒரு ஸ்கேன் மட்டும் எடுக்கணுமாம்."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"நாலு வருஷம் எனக்குத் துணைக்கு வந்தீங்களே அத்தை. ஒரு நாள்கூடவா சொல்லத் தோணல?"

"ஒவ்வொரு தடவையும் தோணும்மா. நாக்கு நுனி வரைக்கும் வந்துடும். அதுக்குள்ள உன்ன உள்ள கூப்பிட்டுடுவாங்க. நீ எந்திரிச்சுப் போயிடுவ."

டாக்டரம்மா படிவத்தை நீட்டினார். கையெழுத்துப் போடப் பிள்ளையை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். கோபம் தீரவில்லை. அத்தையிடமே கொடுத்தேன்.