பயந்துகினே யோசி

"துர்கா, இந்த மாசம் உங்க பேட்ஜ்ல கதிர்வீச்சு எக்கச்சக்கமா காட்டுது. நாளைக்குக் காலைல பாதுகாப்புப் பிரிவுக்கு வந்துடுங்க."

பாதுகாப்பு அதிகாரி தாமோதரன் சார் இதைச் சொன்னதும் துர்காதேவிக்குக் காது அடைத்துப்போனது. அணு ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் மார்பில் குத்திக்கொள்ளும் அந்தச் சின்னச் சதுரம், மேலே பட்ட கதிருக்கெல்லாம் சாட்சி. வேலை முடிந்ததும் வாசலில் மாட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அவள் மூன்று மாதக் கர்ப்பிணி. வீட்டாரையும் சிநேகிதி ஜெஸ்ஸியையும் தவிர யாருக்கும் தெரியாது. அலுவலகத்தில் சொல்லியிருந்தால் அன்றைக்கே வேறு வேலைக்கு மாற்றியிருப்பார்கள். முதல் கர்ப்பம் கலைந்தபோது ஊரே வந்து துக்கம் விசாரித்தது போதாதா என்று இந்த முறை வாயை இறுக்க மூடிக்கொண்டாள். நல்ல புத்திசாலித்தனம்! இப்போது குழந்தைக்கு என்ன ஆயிற்றோ!

சதுரங்கப்பட்டினம் தாண்டும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெஸ்ஸி ஆறுதல் சொல்லவில்லை.

"பயப்படாதன்னா நீ கேக்கவா போற? பயந்துகினே யோசி. குவார்ட்டர்ஸ்ல எவ வூட்டு சாவி தொலைஞ்சாலும் நீதான தேடிக் குடுக்கற? இதையும் அப்டியே தேடு. பேட்ஜ் எங்கெங்க போச்சு?"

சாவி தேடுவதுபோலவே ஒவ்வொரு நாளாகப் பின்னால் போனாள். ஒருநாள் பேட்ஜை மாட்ட மறந்து, பர்ஸில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள். மறுநாள் சத்தமில்லாமல் மாட்டினாள். இடையில், அன்று சாயங்காலம் மாமியார் சம்பூர்ணத்தின் முதுகுவலிக்கு எக்ஸ்ரே எடுக்கச் செங்கல்பட்டு போனார்கள். குழந்தைக்கு ஆகாதென்று அவள் வெளியிலேயே நின்றாள். பர்ஸ்?

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள்: "அத்தை, படம் எடுக்கறப்ப என் பர்ஸ் எங்க இருந்துச்சு?"

"இன்னாடி கேள்வி? என் இடுப்புலதான் சொருவிகினு இருந்தேன். படம் வீணாப்போச்சுன்னு அந்த ஆளு கத்தி, வேற எடுத்தான். வீணானதையும் கேட்டு வாங்கியாந்து, ஒடஞ்ச ஜன்னலுக்கு அடைச்சிகீறேனே, பாக்கல?"

சமையலறைக்கு ஓடினாள். ஜன்னலில் அந்திவெயில் இருந்தது. எக்ஸ்ரேயில் முதுகெலும்பை ஒட்டி ஒரு சாவி, நாலைந்து காசுகள், பக்கத்தில் கிளிப்போடு அந்தச் சதுரம். தினமும் இதற்கு எதிரே நின்றுதான் பாத்திரம் தேய்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

ஆனால் பயம் முழுசாகப் போகவில்லை. இந்த ஒரு தடவை பேட்ஜ் காட்டியது பொய். கர்ப்பத்தை மறைத்து இத்தனை நாள் அவள் அங்கே வேலை பார்த்தது?

காலையில் தாமோதரன் சார் எக்ஸ்ரேயை வாங்கக் கை நீட்டினார். துர்காதேவி கொடுக்கவில்லை.

"சார், அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றாள். பயந்துகொண்டேதான் சொன்னாள்.